எளிய பாதையும் உயர்ந்த சிகரமும்

மலைகளுள் சில, தம்மை நாடி வருவோரைத் தொலைவிலேயே எச்சரித்துவிடுகின்றன. செங்குத்தான பாறையையும், உறைந்து கிடக்கும் பனிக்கட்டியையும், கால் வைக்க இடமில்லாத முகட்டையும் கண்ட மாத்திரத்தில், ஆயத்தமின்றி வந்தவன் திரும்பிவிடுகிறான். வேறு சில மலைகள் அவ்வாறு எச்சரிப்பதில்லை. அவற்றின் சரிவு மெலிது, பாதை அகலமானது, உயரத்தின் பெரும்பகுதியை மோட்டார் வண்டியே கடந்துவிடும். இத்தகைய மலையிலே மனிதனுக்கு இடர் விளைப்பது அதன் எளிமையே. அமெரிக்க ஐக்கிய நாட்டின் கலிபோர்ணியா மாநிலத்திலே, நெவாடா எல்லைக்கு அருகில், வறண்ட பாலைநிலத்தின் மேல் எழுந்து நிற்கும் வெண்மலைச் சிகரம் இதற்குத் தக்க உதாரணமாகும்.

இச்சிகரத்தின் உயரம் 14,252 அடி. கலிபோர்ணியாவின் சிகரங்களுள் உயரத்தால் இது மூன்றாவது. ஆயினும் கோடைகாலத்தில் இதன்மீது ஏறுவதற்குக் கயிறு வேண்டியதில்லை, பனிக்கோடரி வேண்டியதில்லை, பாறையேறும் பயிற்சியும் வேண்டியதில்லை. உச்சிவரை ஒரு பழைய வண்டிப்பாதை செல்கின்றது. அப்பாதையில் ஒழுங்காக நடக்கத் தெரிந்த எவரும் உச்சியை அடையலாம் என்றே தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பிப் புறப்படுவோர், தலையிடியும் வாந்தியும் மேலிட, பாதிவழியில் அமர்ந்துவிடுவதுண்டு. அதனிலும் கொடிய விளைவுகளும் உயர்ந்த மலைகளில் நேர்வதுண்டு. ஆகவே, இப்பயணத்தைத் திட்டமிடுவது என்பது தூரத்தையும் உணவையும் கணக்கிடுவதோடு முடிவதன்று. மனித உடல் உயரத்துக்குப் பழகுவதற்கு எவ்வளவு காலம் கேட்கின்றதோ, அக்காலத்தை அதற்குக் கொடுப்பதே இத்திட்டத்தின் உயிர்நாடியாகும்.

முதலில் இம்மலை அமைந்துள்ள இடத்தை நோக்குவோம். பசுபிக் சமுத்திரத்திலிருந்து ஈரத்தைச் சுமந்து கிழக்கு நோக்கி வரும் காற்றை, சியரா நெவாடா என்னும் பெருமலைத்தொடர் குறுக்கே நின்று தடுக்கின்றது. மேலெழும் காற்றுக் குளிர்ந்து, தன் ஈரத்தை அம்மலையின் மேற்குச் சரிவிலேயே மழையாகவும் பனியாகவும் கொட்டிவிடுகின்றது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் காற்று வறண்ட காற்று. அவ்வாறு மழை மறைக்கப்பட்ட பகுதியிலேயே ஓவென்ஸ் பள்ளத்தாக்கும், அதன் கிழக்கு எல்லையாக நிற்கும் வெண்மலைத் தொடரும் உள்ளன. பள்ளத்தாக்கில் ஓராண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 5 அங்குலமே. மலையின் மேற்பகுதியிலும், உருகிய பனியையும் சேர்த்துக் கணக்கிட்டால், அது 12 அங்குலத்தை ஒட்டியதாகவே இருக்கும். எனவே, உயர்ந்த மலை என்றவுடன் மனத்தில் எழும் அருவிகளையும் அடர்ந்த காட்டையும் இங்கே எதிர்பார்த்தல் கூடாது. இது வானத்தருகே அமைந்த பாலைவனம். குளிரும் வறட்சியும் ஒருங்கே கூடிய இடம்.

இத்தகைய இடத்துக்கு வண்டிப்பாதை ஏன் அமைந்தது என்ற வினா எழுவது இயல்பு. அதன் விடையிலேயே இம்மலையைப் பற்றிய முதன்மையான பாடமும் அடங்கியுள்ளது. உயரமான இடங்களில் மனிதரின் உடலும் விலங்குகளின் உடலும் எவ்வாறு இயங்குகின்றன என்பதை ஆராய்வதற்காக, கலிபோர்ணியாப் பல்கலைக்கழகம் 1950ஆம் ஆண்டில் இம்மலையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியது. அதன் தோற்றத்துக்குக் காரணமாக இருந்தவர் உடலியல் அறிஞரான நெல்லோ பேஸ் என்பவர். 12,470 அடி உயரத்திலே பார்குரொவ்ற் நிலையமும், 1955ஆம் ஆண்டிலே உச்சியில் கல்லாலான சிறிய ஆய்வுகூடமும் எழுந்தன. இன்று மலையேறுவோர் எளிதென்று எண்ணி நடக்கும் பாதை, அந்த உச்சிக் கூடத்துக்கு வண்டிகள் செல்லும் பாதையே. உயரம் உடலைத் தாக்குகின்றது என்ற உண்மையை ஆராயும் பொருட்டு அமைந்த பாதையில், அவ்வுண்மையை மறந்தவராய்ப் பலர் நடந்து செல்கின்றனர்.

பார்குரொவ்ற் என்ற பெயரும் பொருளற்ற பெயரன்று. சேர் ஜோசப் பார்குரொவ்ற் என்பவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உடலியல் மேதை. பிராணவாயு குறைந்த இடத்தில் சுவாசப்பைகள் தாமே அவ்வாயுவைச் சுரந்து இரத்தத்துக்கு ஊட்டுமா என்பது அக்காலத்தில் பெரும் விவாதத்துக்குரிய வினாவாக இருந்தது. அதற்கு விடை காண அவர் 1920ஆம் ஆண்டில், பிராணவாயு குறைக்கப்பட்ட கண்ணாடி அறையொன்றினுள் ஆறு நாட்கள் தங்கித் தம் உடலையே சோதனைப் பொருளாக்கினார். பின்னர் 1921ஆம், 1922ஆம் ஆண்டுகளில், பெரு நாட்டின் அந்தீஸ் மலையில் 14,000 அடிக்கு மேல் அமைந்த செரோ டி பாஸ்கோ என்னும் சுரங்க நகருக்கு ஓர் ஆராய்ச்சிக் குழுவை அழைத்துச் சென்றார். சுவாசப்பைகள் அவ்வாறு எதனையும் சுரப்பதில்லை என்பதே அவர் கண்ட முடிவு. வளியில் குறைந்தது இரத்தத்திலும் குறையும். அக்குறையோடு வாழ உடல் மெல்ல மெல்லப் பழகிக்கொள்ளலாம்; ஆனால் அதிலிருந்து ஒரே நாளில் தப்பிவிட இயலாது.

இதனைச் சற்று விளக்குவோம். கடற்கரையிலும் மலையுச்சியிலும் வளியிலுள்ள ஒட்சிசன் எனப்படும் பிராணவாயுவின் வீதம் ஒன்றேதான். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. வேறுபடுவது வளியின் அமுக்கம். உயரே செல்லச் செல்ல, மேலிருந்து அழுத்தும் வளியின் பாரம் குறைகின்றது. வெண்மலைச் சிகரத்தின் உச்சியில் அமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்கே. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே செல்லும் பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறைந்துவிடுகின்றது. உடல் இதனை உணர்ந்தவுடன் மூச்சு விரைகின்றது. இதயத் துடிப்பு மிகுகின்றது. இவை உடனடியாக நிகழ்பவை. விரைந்த மூச்சினால் இரத்தத்தில் உண்டாகும் மாறுதலைச் சிறுநீரகங்கள் சீர்செய்ய ஓரிரு நாட்கள் வேண்டும். செங்குருதிக் கலங்கள் போதிய அளவு பெருகுவதற்கோ வாரங்கள் வேண்டும். உடலின் கணக்கு நாட்களிலும் வாரங்களிலும் நடைபெறுகின்றது. மோட்டார் வண்டியின் கணக்கு மணித்தியாலங்களில் நடைபெறுகின்றது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள முரண்பாட்டிலேதான் ஆபத்து ஒளிந்திருக்கின்றது.

பள்ளத்தாக்கிலுள்ள பிக் பைன் என்னும் சிற்றூரின் உயரம் ஏறத்தாழ 4,000 அடி. அங்கிருந்து 168ஆம் இலக்க நெடுஞ்சாலையில் கிழக்கே 13 மைல் சென்றால், வெண்மலைச் சாலை வடக்கு நோக்கிப் பிரிகின்றது. அச்சாலையில் 10 மைல் தூரத்தில், 10,000 அடி உயரத்தில், சுல்மன் சோலை உள்ளது. அதுவரை தார் இட்ட சாலை. அதற்கப்பால் 16 மைல் வரை கல்லும் புழுதியும் நிறைந்த பாதை. அது 11,700 அடி உயரத்தில், பூட்டிய ஒரு வாயிலோடு முடிகின்றது. இவ்வாறு 40 மைல் தூரத்தை இரண்டு மணி நேரத்தில் கடக்கும் ஒருவன், இருந்த இருக்கையிலிருந்து எழாமலே 7,700 அடி உயர்ந்துவிடுகிறான். அவன் கால்கள் களைக்கவில்லை. ஆதலால் உடலும் களைக்கவில்லை என்று அவன் மயங்குகிறான்.

மலைநோயின் அறிகுறிகள் பெரும்பாலும் உடனே தோன்றுவதில்லை. உயரத்தை அடைந்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தின் பின்னரே அவை தலைகாட்டுவது வழக்கம். தலையிடி, குமட்டல், உணவில் வெறுப்பு, தலைச்சுற்று, அளவுக்கு மீறிய சோர்வு என்பன அவற்றுட் சில. காலையில் வாயிலுக்கு வந்து நடக்கத் தொடங்கியவனுக்கு, அவன் வண்டியைவிட்டு மிகத் தொலைவில் இருக்கும் வேளையில் இவை தோன்றக்கூடும். உடல் வலிமை மிக்க இளைஞர்க்கு இந்நோய் வராது என்று கருதுவதும் தவறு. ஓட்டத்திலும் விளையாட்டிலும் வல்லவர்களையும் அது பீடிக்கும். அவர்கள் விரைந்து ஏறுவதனால் அது முந்தி வருதலும் கூடும். அரிதாகச் சிலருக்குச் சுவாசப்பைகளில் நீர் கோத்துக்கொள்ளும். சிலருக்கு மூளை வீங்கும். ஓய்ந்திருக்கும்போதும் மூச்சுத் திணறுதல், நடை தள்ளாடுதல், பேச்சுத் தடுமாறுதல் ஆகியவை அந்நிலையின் அடையாளங்கள். அப்போது செய்யத்தக்கது ஒன்றே: தாமதியாது கீழே இறங்குதல். ஓய்வெடுத்துப் பார்ப்போம் என்று அவ்விடத்திலேயே காத்திருத்தல் உயிருக்கு உலை வைப்பதாக முடியலாம்.

ஆகவே, நன்கு திட்டமிடுவோர் இப்பயணத்துக்கு ஒரு நாளை அன்றி மூன்று நாட்களை ஒதுக்குவர். சுல்மன் சோலையை அடைவதற்கு ஐந்து மைல் முன்னதாக, 8,600 அடி உயரத்தில், கிராண்ட்வியூ என்னும் முகாம் இடம் உள்ளது. முதல் இரு இரவுகளையும் அங்கே கழிப்பது நலம். அங்கே குடிநீர் இல்லை. கொண்டு செல்ல வேண்டும். பகலில் உயரச் சென்று உலாவி, இரவில் தாழ்ந்த இடத்துக்கு வந்து உறங்குவது, உடலைப் பழக்குவதற்கு மலையேறுவோர் நெடுங்காலமாகக் கைக்கொண்டு வரும் முறையாகும். மலைநோயைத் தடுக்கும் மருந்துகளும் உள்ளன. ஆயினும் அவற்றை வைத்தியரின் ஆலோசனையின்றி உட்கொள்ளலாகாது. இதயநோயோ சுவாசநோயோ உடையவர் பயணத்தை நிச்சயிக்கும் முன்னரே வைத்தியரைக் கலந்து கொள்ளுதல் வேண்டும்.

இவ்வாறு காத்திருக்கும் பகற்பொழுது வீணாவதில்லை. உலகின் மிகப் பழைய மரங்கள் இம்மலையிலேயே உள்ளன. பிரிசில்கோன் பைன் எனப்படும் அம்மரங்கள், வேறு மரங்கள் வாழ அஞ்சும் வெண்ணிறச் சுண்ணக் கற்களிடையே, காற்றினால் முறுக்குண்டு, பாதி பட்டும் பாதி துளிர்த்தும் நிற்கின்றன. எட்மண்ட் சுல்மன் என்னும் அறிஞர் 1957ஆம் ஆண்டில் இங்குள்ள மரமொன்றின் ஆண்டு வளையங்களை எண்ணி, அது 4,700 ஆண்டுகளைக் கடந்தது என்று கண்டார். மெதூசலா எனப் பெயர் பெற்ற அம்மரத்தின் வயது இன்று 4,800 ஆண்டுகளுக்கு மேற்பட்டதாகக் கணக்கிடப்படுகின்றது. அது எது என்பதைப் பொதுமக்களுக்கு அறிவியாது அதிகாரிகள் காத்து வருகின்றனர். செழித்த இடத்தில் நிற்கும் மரங்களிலும், வறண்ட சரிவில் மிக மெதுவாக வளரும் மரங்களே நீண்ட ஆயுள் பெறுகின்றன என்பது சுல்மன் கண்ட வியப்பான உண்மை. இச்சோலையில் ஒரு பகலும், 11,300 அடி உயரத்திலுள்ள மூதாதைச் சோலையில் சில மணி நேரமும் கழிப்பவன், அறிவும் பெறுகிறான். உடலையும் பழக்கிக் கொள்கிறான்.

இனி, வண்டியைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். பிக் பைன் சிற்றூரைத் தாண்டினால் இம்மலையில் பெற்றோல் விற்கும் இடம் இல்லை. எனவே அங்கேயே தாங்கியை நிரப்பிக்கொள்ள வேண்டும். சுல்மன் சோலைக்கு அப்பாலுள்ள பாதையில் கூரிய கற்கள் சில்லுகளைக் கிழிக்கக்கூடும். முழு அளவான உதிரிச் சில்லும், அதனை மாற்றும் கருவிகளும், அவற்றைக் கையாளும் பழக்கமும் உடையவரே அப்பாதையில் செல்லுதல் தகும். கைத்தொலைபேசி பல இடங்களில் பயன்படாது. வளி மெலிவதனால் மனிதனைப் போலவே சாதாரண பெற்றோல் இயந்திரமும் மூச்சுத் திணறுகின்றது. வாயிலை அணுகும் வேளையில் அது தன் வலிமையில் மூன்றில் ஒரு பங்குவரை இழந்திருக்கும். இறங்கும்போது பிறேக்கை ஓயாது மிதித்தால் அது சூடேறிப் பயனற்றுப்போகும். ஆதலின் தாழ்ந்த கியரில் மெல்ல இறங்குதலே முறை.

ஏறுவதற்குரிய காலம் பொதுவாக ஆனி மாதப் பிற்பகுதி முதல் புரட்டாதிவரை எனலாம். அதற்கு முன்னும் பின்னும் பனி பாதையை மூடியிருத்தல் கூடும். ஆகவே, பாதை திறந்துள்ளதா என்பதை வனப்பகுதி அலுவலகத்தில் விசாரித்து அறிந்த பின்னரே புறப்பட வேண்டும். நடுக்கோடையில் பிற்பகல் வேளைகளிலே இடிமுகில்கள் திடீரெனத் திரள்வதுண்டு. வாயிலுக்கு மேலே ஒரு மரமேனும் இல்லை. மின்னலுக்கு ஒதுங்க இடமில்லை. வெட்டவெளியில் நடப்பவனே அங்கு உயர்ந்த பொருளாக நிற்கிறான். பள்ளத்தாக்கில் வெயில் 38 பாகை சென்ரிகிரேட்டாகக் கொளுத்தும் நாளிலும், உச்சியில் அதனிலும் ஏறத்தாழ 20 பாகை குறைவாகவே இருக்கும். காற்றும் வீசினால் குளிர் எலும்பைத் துளைக்கும். அதே வேளையில் மெலிந்த வளியினூடே வரும் சூரிய ஒளி தோலைக் கருக்கும். கம்பளி மேலாடை, காற்றுத் தடுக்கும் மேலங்கி, அகன்ற தொப்பி, கறுப்புக் கண்ணாடி, ஆளுக்கு நான்கு லீற்றர் அளவு தண்ணீர், அடிக்கடி சிறிது சிறிதாக உண்ணத்தக்க உணவு ஆகியவை இன்றியமையாதவை. பாலைவனத்து வறண்ட காற்றில் வியர்வை தோன்றும் முன்னே உலர்ந்துவிடும். ஆதலால், தாகம் தோன்றும்வரை காத்திராது நீர் அருந்துதல் வேண்டும்.

மூன்றாம் நாள் விடியுமுன் முகாமிலிருந்து வண்டியிற் புறப்பட்டு, கிழக்கு வெளுக்கும் வேளையில் வாயிலிலிருந்து நடை தொடங்க வேண்டும். போகவும் வரவுமாக ஏறத்தாழ 15 மைல். முதல் இரண்டு மைலில் பார்குரொவ்ற் நிலையம். அதற்கு மேலுள்ள மேட்டில் ஒரு பழைய வானாய்வுக் குவிமாடம். அங்கிருந்துதான் சிகரம் முழு உருவத்தோடு காட்சி தருகின்றது. அது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும். தூசியும் ஈரமும் அற்ற பாலைவன வளி, தூரத்தை இவ்வாறு சுருக்கிக் காட்டி ஏமாற்றுகின்றது. உண்மையில் இன்னும் நான்கு மைலுக்கு மேல் நடக்க வேண்டும். சிகரத்தின் அடியை அணுகும்போது பாதை ஒரு பள்ளத்தில் இறங்கிப் பின்னர் வளைந்து வளைந்து ஏறுகின்றது. போகும்போது இன்பமாக இருக்கும் அந்த இறக்கம், திரும்பும்போது களைத்த கால்களுக்கு ஓர் ஏற்றமாக வந்து நிற்கும் என்பதை மறத்தல் கூடாது. பேசிக்கொண்டே நடக்க இயலும் வேகமே ஏற்ற வேகம். பேச்சுத் தடைப்பட்டால் நடை மிகுந்துவிட்டது என்பது கருத்து.

இந்நடைக்கு இன்றியமையாத மற்றொன்று, திரும்பும் நேரம். நண்பகலோ, அதற்கு முந்திய ஒரு நேரமோ, பயணம் தொடங்குமுன் கீழேயே தீர்மானிக்கப்பட வேண்டும். அந்நேரம் வந்துவிட்டால், உச்சி எத்தனை அடி தூரத்தில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். இதனை மேலே சென்று தீர்மானிக்கலாம் என்று விட்டுவிடுவது ஏன் தவறு? பிராணவாயு குறைந்த இடத்தில் முதலில் மங்குவது மனிதனின் விவேகமே. தலையிடிப்பவன் தனக்கு ஒன்றுமில்லை என்பான். முகில் கறுப்பதைக் கண்டும், அது கலைந்துவிடும் என்பான். இத்தனை தூரம் வந்தோமே என்ற எண்ணம் அவனை முன்னே தள்ளும். கீழே, தெளிந்த அறிவோடு செய்த தீர்மானமே, மேலே அறிவு மயங்கும் வேளையில் துணையாக நிற்கும்.

ஒரு குழுவாகச் செல்வோர்க்கு மற்றுமொரு விதி உண்டு. அவர்களுள் மிகவும் மெலிந்தவர் எவரோ, அவருடைய நடையே குழுவின் நடையாக வேண்டும். நண்பர் இருவர் செல்லும்போது ஒருவருக்குத் தலைச்சுற்று உண்டானால், "நீர் இங்கே அமர்ந்திரும், நான் உச்சியைத் தொட்டுவிட்டு வருகிறேன்" என்று மற்றவர் கூறுதல் நட்புமன்று, அறிவுமன்று. தனித்து விடப்பட்டவரின் நோய் முற்றும்போது அதனைக் கண்டுகொள்ள எவரும் அருகில் இருக்கமாட்டார். இருவரும் சேர்ந்து இறங்கினால், ஆயிரம் இரண்டாயிரம் அடி தாழ்ந்தவுடனேயே பெரும்பாலான அறிகுறிகள் தணியத் தொடங்கும். சிகரம் அடுத்த ஆண்டிலும் அங்கேயே இருக்கும்.

எல்லாம் நலமாக அமைந்தால், நான்கு அல்லது ஐந்து மணி நேர நடையின் பின் உச்சியை அடையலாம். கல்லாலான சிறிய ஆய்வுகூடத்தின் அருகே நின்று மேற்கே நோக்கினால், ஓவென்ஸ் பள்ளத்தாக்குக்கு அப்பால், சியரா நெவாடாவின் பனிமுடிகள் வரிசையாகத் தோன்றும். கிழக்கே நோக்கினால், நெவாடாப் பாலைவனத்தின் மலைத்தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அலைபோல் விரிந்து செல்லும். மழையை மறித்த மலையும், மழையை இழந்த நிலமும் இரு புறத்திலும் ஒருங்கே காட்சியளிக்கும். அக்காட்சியில் நெடுநேரம் மயங்கி நிற்றலாகாது. உச்சி பயணத்தின் நடுவே தவிர முடிவன்று. ஏழு மைலுக்கு மேற்பட்ட பாதை இன்னும் எஞ்சியிருக்கின்றது.

அன்று பிற்பகல் வாயிலை அடைந்து, தாழ்ந்த கியரில் வண்டியை மெல்ல இறக்கி வரும் பயணி, வழியில் அந்தப் பழைய மரங்களை மீண்டும் ஒரு முறை கடந்து செல்வான். வறட்சியோடும் குளிரோடும் விரைவாகப் போரிட்டு வென்றவையல்ல அம்மரங்கள். நிலமும் வானமும் கொடுத்த அளவுக்கு மிஞ்சாது, மெதுவாக வளர்ந்தமையாலேயே அவை நின்று நிலைத்தன. அவ்வுயரத்தை நாடிச் செல்லும் மனிதனுக்கும் அம்மலை விதிக்கும் நியதி அதுவேயாகும்.